மாயாவிக்குக் கண் திறப்பு எப்போ?

வாடா பேராண்டி, உக்காரு. பொம்மையை ஏன் மடியிலயே வெச்சிருக்க? திண்ணையில வை, நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுற மாட்டேன். ஓ, பொம்மைன்னா கோவம் வருதோ? சரி, சிலை. ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்குனதைப் பொம்மைன்னு சொன்னா யாருக்குத்தான் பொறுக்கும்!

நல்லாத்தான் இருக்கான். மண்டையோட்டுச் சிம்மாசனம், காலடியில டெவில்ங்கிற ஓநாய், வலது கையில கபால மோதிரம். இவனை எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ராணி காமிக்ஸ்ல மாயாவின்னு வந்தவன்தானே. வேதாளர்னும் சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல ஃபேண்டம். உங்கப்பன் பஸ்ஸுக்குக் குடுத்த காசையெல்லாம் இவனுக்கு அழுதுட்டு நடந்தே வீட்டுக்கு வருவான். அவனை நாலு வசவு வஞ்சுட்டு, அவன் தூங்குனதும் எடுத்து நான் படிப்பேன். இது உங்க ஆச்சிக்குத் தெரியாது.

சூப்பர்மேன் வந்தது 1938-ல. அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே, 1936 பிப்ரவரி 17-ல, அமெரிக்காப் பத்திரிகையில முகமூடியும் ஒடம்போட ஒட்டுன உடுப்புமா வந்து நின்னுட்டான் இந்த ஃபேண்டம். எழுதுனவர் லீ ஃபாக், வரைஞ்சவர் ரே மூர். இவனுக்குப் பறக்கத் தெரியாது. சாகாவரமும் கிடையாது. அப்பன் செத்தா மகன் அதே உடுப்பை மாட்டிக்குவான், காட்டுச் சனம் பழைய ஆளுதான்னு கும்பிட்டுக்கும். 1536-ல ஆரம்பிச்ச வம்சம், இவன் இருபத்தோராவது ஆளு. நானூறு வருசமா பட்டாவே மாத்தாம ஒரே பேர்ல அனுபவிக்கிற குடும்பம்!

பெட்டியைப் பிரிக்கும்போதே, “அசல் கலரு தாத்தா”ன்னு சொன்னேல்லா, அதுலதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. தினசரித் தாள்ல இவன் கறுப்பு வெள்ளையிலதான் வந்தான். ஃபாக் மனசுல இருந்த உடுப்பு சாம்பல் நிறம். ‘சாம்பல் பேய்’னு பேரு வைக்கலாமான்னுகூட யோசிச்சவர் அவரு. 1939-ல ஞாயித்துக்கிழமை கலர்ப் பக்கம் வந்தப்போ பார்த்தா, ஆளு ஊதாவுல நிக்கான்! அதோட விட்டுதா? இத்தாலியில செவப்பு, சுவீடன்ல நீலம். அந்தந்த ஊர்க்காரனுக்கு அதுதான் அசல். நீ ஊதாவுக்குச் சத்தியம் பண்ணிக்கிட்டு இருக்க.

அந்தக் கண்ணைப் பாரு, பாப்பாவே கிடையாது. கிரேக்கச் சிலைக்குக் கண்ணுமணி இல்லாததைப் பார்த்துத்தான், மனுசத்தன்மை இல்லாம மிரட்டலா இருக்கட்டும்னு இவனுக்கும் அப்படி வெச்சதாச் சொல்லியிருக்காரு ஃபாக். வேடிக்கை என்னன்னா, அந்தக் கிரேக்கச் சிலைக்கெல்லாம் ஆதியில கண்ணும் வர்ணமும் இருந்துச்சு. காலம்போக்குல அழிஞ்சு போச்சு. சாயம் போன சிலையைப் பார்த்து ஒரு படம், அந்தப் படத்தைப் பார்த்து ஒரு சிலை, அதுக்கு மறுபடியும் சாயம்! நம்ம ஐயனாருக்கும் குதிரை, நாய், காவல், ராத்திரிச் சவாரி எல்லாம் உண்டு. ஆனா வேளார் வர்ணம் அடிச்சு முடிச்சாலும் கண் திறக்குற வரைக்கும் அது வெறும் மண்ணுதான். உன் ஆளுக்கு எப்போடா கண் திறப்பு? சொல்லு, ஒரு கிடா நேர்ந்துவிடுதேன்.

இங்க வா, இந்த ஜட்டியைப் பாரு. வெக்கப்படாத, பாரு. ஊதா உடுப்புக்கு மேல சாய்வுக் கோடு போட்ட ஜட்டி. களிமண்ணுல ஒருத்தர் உருவம் பிடிச்சு, அதுக்கு ரப்பர் அச்சு எடுத்து, ரெசினை ஊத்தி வார்த்துருவாங்க. அது வரைக்கும் எல்லாம் ஒண்ணுபோல வரும். இந்தக் கோட்டை மட்டும் ஒரு ஆளு மூச்சைப் பிடிச்சு, தொடை வளையுற இடத்துல தூரிகையையும் வளைச்சுப் போட்டிருக்கான். மூணாவது கோடு ஒரு மயிரிழை தடிச்சிருக்கு. அதுக்காகத் திருப்பி அனுப்பப் போறேன்னு காலையில குதிச்சியாமே! கையால வரைஞ்சதுன்னு சொல்லித்தானே கூடக் காசு வாங்கினான்? கை தெரியுதுன்னு அழுதா எப்படிடா? அச்சுப்போட்ட மாதிரி வேணும்னா பொங்கல் காலண்டர் வாங்கியிருக்கலாம், சும்மாவே கிடைச்சிருக்கும்.

சரி, வாங்கியாச்சு. சன்னல் வெயில்ல வைக்காத, கலரு வெளுத்துரும். அப்புறம் சாம்பலாகி, ஃபாக் நெனச்சது பலிச்சுரும். ஈரத்துணி ஆகாது. பஞ்சு மாதிரி பிரஷ்ஷால தூசி தட்டு. ஆவணியில கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இருக்கவன் நீ. பொண்ணு வீட்டுக்காரங்க விலை கேட்டா, ஆபீஸ்ல பரிசாக் குடுத்தாங்கன்னு சொல்லிப்புடு. அந்தப் புள்ளகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு, எப்படியும் கண்டுபிடிச்சுரும். இவனைப் பார்த்துக் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம்னு மட்டும் நெனைக்காத. முதல் கதையிலயே காதலி டயானாவைப் பார்த்துட்டு, 1977-லதான் இவன் தாலி கட்டினான். உன் மாமனார் அவ்வளவு பொறுமைசாலி இல்ல.

பெட்டியும் தெர்மகோலும் பத்திரம். பின்னால விக்கணும்னா, பெட்டி இல்லாத சிலைக்குப் பாதி விலைக்குத்தான் கேப்பான். இப்பவே தூக்கிப் பரண்ல ஒளிச்சு வை. அதுல பூண்டு கொட்டி வைக்கலாம்னு உங்க ஆச்சி காலையிலேருந்து அளவு பார்த்துக்கிட்டு இருக்கா.