மிஸ்டர் முருகையன் இருக்கிறாரா?

(பெரியப்பா நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருடைய பெயரை எழுதியவர். சிலருடையதைத் தப்பாகவும் எழுதியவர் என்று பேச்சு. தம்பி மகன் செந்தில் இங்கிலாந்தில் கணினி வேலையில் இருக்கிறான். அங்கே ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.)

செந்தில்: பெரியப்பா, பேரு முடிவு பண்ணிட்டேன். இங்க 42 நாளைக்குள்ள பதிஞ்சாகணும்.

பெரியப்பா: நம்ம ஆபீஸ்ல 21 நாள்தான். வெள்ளைக்காரன் யோசிக்க இரட்டிப்பு அவகாசம் குடுத்திருக்கான். சொல்லு.

செந்தில்: கேமரன்.

பெரியப்பா: ஏண்டா, போட்டோவுல மூக்கு நல்லா எடுப்பாத்தானே இருந்துச்சு?

செந்தில்: மூக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெரியப்பா: ஸ்காட்லாந்து மலைக்காரங்க பாஷையில கேமரன்னா கோணமூக்கன். எவனோ ஒரு பாட்டனுக்கு மூக்கு கோணியிருக்கு, ஊரே அப்படிக் கூப்பிட்டிருக்கு. வம்சமே அதை வெச்சிக்கிட்டுக் கடைசியில 2010ல ஒருத்தர் பிரதமராவும் ஆயிட்டார்.

செந்தில்: சரி, கேம்ப்பெல்?

பெரியப்பா: கோணவாயன்.

செந்தில்: பைரன்? பெரிய கவிஞர் பேரு பெரியப்பா.

பெரியப்பா: மாட்டுக் கொட்டில் பக்கம் குடியிருந்தவன். நம்ம பழைய வீட்டு விலாசமே அதுதான். அதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போகணுமா?

செந்தில்: இங்க யாரும் அர்த்தம் பாக்கறதில்ல. எனக்குப் பிடிச்சதே அதுதான். இங்கிலீஷ் பேரு சுத்தமா இருக்கு. சாதி தெரியாது, ஊர் தெரியாது, தொழில் தெரியாது.

பெரியப்பா: தொழில் தெரியாதா? ஸ்மித்னா கொல்லர். இங்கிலாந்துலேயே அதிகம் பேர் வெச்சிருக்கிற குடும்பப் பேரு அதுதான். கூப்பர் பீப்பாய் செய்யறவர். சாண்ட்லர் மெழுகுவத்தி விக்கிறவர். ஃப்ளெட்சர் அம்புக்கு இறகு கட்டறவர். சண்டையில அம்பு போய் எத்தனையோ காலமாச்சு, ஃப்ளெட்சர் மட்டும் ஆபீசுக்கு வந்துக்கிட்டிருக்கார்.

செந்தில்: எங்க டீம்லயே ஒரு ஃப்ளெட்சர் இருக்கார்.

பெரியப்பா: வெப்ஸ்டர் யாராவது இருந்தா கேட்டுப் பாரு. பழைய இங்கிலீஷ்ல 'ஸ்டர்'னு முடிஞ்சா அது பொம்பளை பாக்கற வேலை. ப்ரூஸ்டர் பீர் காய்ச்சறவ, பேக்ஸ்டர் ரொட்டி சுடறவ, வெப்ஸ்டர் நெசவுக்காரி. பின்னாடி ஆம்பளைங்களும் அதையே போட்டுக்கிட்டாங்க. 1828ல அமெரிக்காவுக்கு அகராதி எழுதிக் குடுத்தாரே நோவா வெப்ஸ்டர், எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் போட்டவர், அவர் பேருக்கு அர்த்தம் நெசவுக்காரி.

செந்தில்: அப்ப தாட்சர்?

பெரியப்பா: கூரை வேயறவர். ஆனா அந்தம்மா பொறந்த வீட்டுப் பேரு ராபர்ட்ஸ். அப்பா மளிகைக் கடை வெச்சிருந்தவர். கூரை, புருஷன் வீட்டுக் கூரை. 1979ல பிரதமரானப்போ ஒருத்தனாவது 'எங்க வீட்டு ஓலையை மாத்திக் குடும்மா'ன்னு கேட்டானா?

செந்தில்: அதையேதான் நானும் சொல்றேன்! இங்க தொழில் பேருல மட்டும்தான் இருக்கு, ஆள் மேல ஒட்டலை.

பெரியப்பா: ஒத்துக்கறேன். அது சின்ன விஷயமில்ல. நாம இங்க வேற மாதிரி பண்ணினோம். 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாச்சு. நல்ல தீர்மானம். பட்டம் பேருலேர்ந்து இறங்கிடுச்சு. இறங்கி எங்க போச்சுன்னு கல்யாணத் தரகரைக் கேளு, உட்பிரிவோட சொல்லுவார்.

செந்தில்: (சிரித்து) நீங்க எனக்குப் பொண்ணு பாத்தப்போ கேட்டதுதானே?

பெரியப்பா: அதை ஏன் இப்ப கிளர்றே? பேரு விஷயத்துக்கு வா.

செந்தில்: தொழில், மூக்கு எதுவும் வேணாம்னா பக்தியா, நல்ல குணமா ஒரு பேரு?

பெரியப்பா: அதையும் பண்ணிப் பாத்துட்டாங்க. 17ஆம் நூற்றாண்டுல பியூரிட்டன்னு ஒரு கூட்டம். கிரேஸ், ஃபெயித், ப்ரூடன்ஸ் எல்லாம் அவங்களுக்குப் பிடிச்ச பேருங்கதான். அதோட நின்னாங்களா? லண்டன்ல ஒரு தோல் வியாபாரிக்கு ப்ரெய்ஸ்-காட் பேர்போன்னு பேரு. கர்த்தரைத்-துதி வெறும்-எலும்புன்னு வெச்சுக்கோ. 1653ல அவர் உறுப்பினரா இருந்த சபைக்கே கேலி பண்றவங்க 'பேர்போன் பார்லிமென்ட்'னு பேரு வெச்சிட்டாங்க. சரித்திரத்துல அதுதான் நின்னுச்சு.

செந்தில்: உங்களுக்கு என் கஷ்டம் புரியல பெரியப்பா. பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசியில இருக்கா, இங்க எங்க போனாலும் 'மிஸ்டர் முருகையன் இருக்கிறாரா?'ன்னுதான் கேக்கறான். பேங்க்ல, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துலயும்.

பெரியப்பா: என் தம்பி உசிரோட இருந்தவரைக்கும் மெட்ராஸ் தாண்டினதில்ல. இப்ப சீமையில அவன் பேருக்குக் கடன் அட்டை வருது. அவன் முன்னாடி நின்னு நீ ஒருநாளும் அவன் பேரைச் சொன்னதில்ல, இப்ப தினமும் அந்தப் பேருக்கு 'யெஸ்'ஸுங்கறே.

செந்தில்: கேளுங்க. அவ பாஸ்போர்ட்ல கடைசிப் பேரு என் பேரு. அதனால அவ மிஸஸ் செந்தில், நான் மிஸ்டர் முருகையன். ஹோட்டல்ல ரூம் கேட்டா எங்களை ஒரு மாதிரி பாக்கறான். இந்தத் தொல்லை பிள்ளைக்கு வேண்டாம்னுதான் ஒரேயடியா இங்கிலீஷ் குடும்பப் பேரா வெச்சிடலாம்னு பாக்கறேன். அப்பா பேருதான் வைக்கணும்னு இங்க கட்டாயம் இல்ல.

பெரியப்பா: அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?

செந்தில்: முடிவு பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.

பெரியப்பா: அமெரிக்காவுல லூசி ஸ்டோன்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1855ல கல்யாணம் ஆச்சு, புருஷன் பேரைப் போட்டுக்க மாட்டேன்னுட்டாங்க. 1879ல மாசசூசெட்ஸ்ல பள்ளிக்கூடக் குழுத் தேர்தல்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்துச்சு. புருஷன் பேரு இருந்தாத்தான் பட்டியல்ல ஏத்துவோம்னாங்க அதிகாரிங்க. ஓட்டே வேணாம்னு திரும்பிட்டாங்க அந்தம்மா. ஜாக்கிரதையா இரு.

செந்தில்: சரி சரி. ஆனா பேரு வாயில நுழையணுமில்ல? என் பேரைச் சொல்லப் போய் மேனேஜர் திணறித் திணறி மன்னிப்புக் கேட்டார். இப்ப எல்லாரும் 'சென்'ங்கறாங்க.

பெரியப்பா: உன் பேரு இங்கிலீஷ்ல ஏழு எழுத்து. அவங்க ஊர்ல 12 எழுத்துல 'சோல்மாண்டெலி'ன்னு எழுதி 'சம்லி'ன்னு படிக்கிற குடும்பம் இருக்கு. 17 எழுத்துல 'ஃபெதர்ஸ்டோன்ஹா'ன்னு எழுதி 'ஃபேன்ஷா'ன்னு கூப்பிடுற வீடும் இருக்கு. எழுத்துக்கூட்டிப் படிச்சா நீ பட்டிக்காட்டான். அதையெல்லாம் நீ வெக்கப்பட்டு வெக்கப்பட்டுக் கத்துக்கிட்டே. அவன் ஏழு எழுத்துக்குத் திணறினா, அதுக்கும் நீயே வெக்கப்படறே.

செந்தில்: அந்த 'சென்'தான் பெரியப்பா வயித்தெரிச்சல்.

பெரியப்பா: அதை விடு, அது அவங்க பழக்கம். ராஜாக்களையே அப்படித்தான் பண்றாங்க. ராபர்ட்டை ராப்னு சுருக்கி பாப்னு ஆக்கினாங்க. வில்லியம், வில்லாகி பில்லாச்சு. மார்கரெட் மெக்காகி, பெக்காகி, பெக்கியாச்சு. மோனை போனாலும் எதுகையை விடல பாரு, அந்த மட்டும் நம்ம ஆளுங்கதான்.

செந்தில்: பாவெல்?

பெரியப்பா: ஈனாக் பாவெல் மாதிரியா? 1968ல பர்மிங்காம்ல வெளியூர்க்காரங்க குடியேற்றத்தை எதிர்த்துப் பேசினவர். 'ரத்த ஆறு' பேச்சுன்னே அதுக்குப் பேரு. அந்தப் பாவெல் எங்கேர்ந்து வந்துச்சு? வேல்ஸ்காரங்களுக்கும் முன்னே நம்மளை மாதிரி குடும்பப் பேரே கிடையாது, அப்பன் பேருதான். 'ஆப்'னா மகன். ஆப் ஹவெல், ஹவெலோட மகன். இங்கிலாந்துச் சட்டமும் பதிவேடும் உள்ள வந்ததும் ரெண்டும் ஒட்டிப்போய் பாவெல்னு நின்னுடுச்சு. ஆப் ரீஸ், பிரைஸ் ஆயிட்டான். குமாஸ்தா எழுதினதுதான் குலப்பேரு. நானே எத்தனை குலத்தை உண்டாக்கியிருக்கேன்!

செந்தில்: அப்ப அவரும் ஒரு மிஸ்டர் முருகையன்தான்.

பெரியப்பா: ஆமா. அவருக்கு அது உறைச்ச மாதிரி தெரியல.

செந்தில்: போதும் பெரியப்பா. கண்ணை மூடிக்கிட்டு விண்ட்ஸர்னு வெச்சிடறேன். ராஜ குடும்பம். அதுல என்ன குத்தம் கண்டுபிடிப்பீங்க?

பெரியப்பா: அது ஆயிரம் வருஷத்துப் பேருன்னு நெனச்சியா? 1917 ஜூலை வரைக்கும் அவங்க சாக்ஸ்-கோபர்க்-கோதா. ஜெர்மன்காரனோட சண்டை நடக்குது. கோதான்னே பேரு வெச்ச ஜெர்மன் விமானம் லண்டன்ல குண்டு போட்டுட்டுப் போகுது. அரண்மனையிலயும் கோதா, ஆகாசத்துலயும் கோதா. அஞ்சாம் ஜார்ஜ் என்ன பண்ணுவார்? இருந்த கோட்டையோட பேரை எடுத்து வீட்டுக்கு வெச்சிட்டார். சொந்தக்காரங்க பேட்டன்பர்க். 'பர்க்'னா மலை. மலையை இங்கிலீஷாக்கி முன்னாடி தூக்கிப் போட்டாங்க, மவுண்ட்பேட்டன் ஆயிட்டாங்க. டெல்லிக்கு வந்த கடைசி வைஸ்ராய் பேரே பாதி மொழிபெயர்ப்புடா.

செந்தில்: (தலையைப் பிடித்துக்கொண்டு) இதுல எங்க மாமனார் வேற, தன் பேரு எங்கயாவது வரணும்ங்கறார். முத்துக்குமாரசாமி. அம்மா, அப்பா பேரு வந்தே ஆகணும்ங்கறாங்க.

பெரியப்பா: அதுக்கு அமெரிக்காவுல வழி இருக்கு. ஹாரி எஸ். ட்ரூமன். ஜப்பான் மேல அணுகுண்டு போடச் சொன்ன ஜனாதிபதி. அந்த 'எஸ்'ஸுக்கு விரிவே கிடையாது. அப்பா வழித் தாத்தா பேருல ஷிப்னு ஒண்ணு இருந்துச்சு, அம்மா வழித் தாத்தா சாலமன். ரெண்டு கிழவனும் தன் பேருன்னே நெனச்சுக்கட்டும்னு வெறும் 'எஸ்'ஸைப் போட்டு விட்டுட்டாங்க. உனக்கும் பொருத்தம் பாரு, முருகையன், முத்துக்குமாரசாமி. நடுவுல ஒரே ஒரு 'எம்'. செலவில்லாத சமரசம்.

செந்தில்: பெரியப்பா, நீங்க எங்கயோ இருக்க வேண்டியவர்! (திரும்பிப் பார்க்கிறான். குரல் இறங்குகிறது.) இவ பின்னாடியே நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருந்திருக்கா. தாத்தா ரெண்டு பேருக்கும் எழுத்துக் குடுத்தாச்சு, பாட்டி ரெண்டு பேருக்கும் பெத்தவளுக்கும் எந்த எழுத்துன்னு கேக்கறா.

பெரியப்பா: போனை அந்தப் பொண்ணுகிட்ட குடு. நீ போய் டீ போடு.