தொடலாம், உடுத்தக் கூடாது

1876இல் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே தன் மனைவிக்கு ஜப்பானிய மரபு உடையான கிமோனோவைச் சிவப்பு நிறத்தில் உடுத்தி, கறுத்த கூந்தல் தெரியாமல் பொன்னிற விக்கும் மாட்டி, கையில் பிரெஞ்சுக் கொடி நிறத்தில் ஒரு விசிறியையும் கொடுத்து ஓவியம் தீட்டினார். கடன் வாங்கியது யார் என்பதில் எவருக்கும் ஐயம் வந்துவிடக் கூடாதாம்.

அந்தக் கிமோனோவை அச்சு அசலாக ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி செய்வித்தது. ஜப்பானில் மக்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். 2015இல், அந்த ஓவியத்தை வைத்திருக்கும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் பார்வையாளர்களுக்கு அதையே நீட்டியபோது, இது இனவெறி என்று சிலர் பதாகை பிடித்தார்கள். பிறகு கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண்கள் சிலர் வந்து, உடுத்துவதில் தவறில்லை என்று எதிர்ப் போராட்டம் நடத்தினார்கள். யார் சார்பில் மனம் புண்பட்டதோ அவர்களைக் கேட்டுவிட்டுப் புண்படுவதற்கு நேரம் இருந்திருக்காது, பாவம். அதற்குள் அருங்காட்சியகம் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது: தொட்டுப் பார்க்கலாம், போடக் கூடாது. நம் ஊர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பார்.

ஜப்பான் கோபப்படவே படாது என்றில்லை. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கார்டாஷியன் தன் உள்ளாடை வியாபாரத்துக்குக் 'கிமோனோ' என்று பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு வணிகக்குறி உரிமையும் கேட்டார். ஜப்பானின் கியோட்டோ நகர மேயரே கடிதம் எழுதினார். பெயர் 'ஸ்கிம்ஸ்' ஆயிற்று. இத்தனைக்கும் அந்தச் சரக்கில் ஒரு கிமோனோகூட இல்லை.

அதே கியோட்டோவில் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கிமோனோ வாடகைக்கு விடும் கடைகள் ஏராளம். உடுத்திவிடவும் ஆள் உண்டு. சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால்தான் அவர்களுக்கு மனம் புண்படும்.