நாலு மீனுக்கு இருபத்திரண்டு மூட்டை

கடலைப் பார்க்க ஆசைப்பட்டவன் கடற்கரைக்குப் போனான். காசு கூடுதலாக வைத்திருந்தவன் கடலை வீட்டுக்கு வரச் சொன்னான். மீன்தொட்டியின் வரலாறு முழுக்க இந்த இரண்டாவது ஆசாமியின் வரலாறுதான். கடல் வந்ததா என்று மட்டும் எழுதிவைத்தார்கள். சுமந்து வந்தது யார் என்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கோஷ்டிக்கு ரோமாபுரியின் லூக்குல்லஸை மூத்தவராக வைக்கலாம். போர்முனையில் பெயர் வாங்கிய தளபதி. ஓய்வுக்குப் பிறகு நேப்பிள்ஸ் பக்கம் மாளிகை கட்டி, மீன்குளத்துக்கு உப்புநீர் வரவேண்டும் என்று மலையைக் குடைந்தார். பாரசீகச் சக்கரவர்த்தி அங்கியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஊர் கிண்டலடித்தது. அவருக்குச் சற்று முன்னால் வாழ்ந்த கிராஸஸ் என்ற பெரிய பேச்சாளர், தான் வளர்த்த அஞ்சாளை மீன் செத்ததற்குக் கண்ணீர்விட்டு அழுதார். அரசியல் எதிரி டொமிட்டியஸ் இதைக் குத்திக்காட்ட, "நீ மூன்று பெண்டாட்டிகளைப் புதைத்தும் ஒரு சொட்டு விடவில்லையே" என்கிற பொருளில் பதில் வந்ததாம். வேடியஸ் பொல்லியோ என்று இன்னொருவர். கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த அடிமைப் பையனைத் தன் அஞ்சாளைகளுக்குப் போடச் சொன்னார். விருந்துக்கு வந்திருந்த அகஸ்டஸ் சக்கரவர்த்தி, மிச்சமிருந்த கிண்ணங்களையெல்லாம் உடைக்கச் சொல்லி, குளத்தையும் தூர்க்கவைத்தார். மீன் வளர்ப்போர் மீது அரசு எடுத்த முதல் நடவடிக்கை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்குள் கடலை அடைக்க மனிதகுலத்துக்கு மேலும் ஆயிரத்தெண்ணூறு வருஷம் பிடித்தது. அடைத்தது ஒரு தையல்காரி. அதுவும் பிரெஞ்சுக்காரி. இதனால் காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூர்க்காரர்களான நாங்கள் அவரிடம் கொஞ்சம் உறவு கொண்டாடிக்கொள்ளலாம். 1739 முதல் 1954 வரை, இடையிடையே இங்கிலீஷ்காரனிடம் பறிகொடுத்து வாங்கிய காலம் போக, காரைக்காலை ஆண்டது அவருடைய ஆட்கள்தானே.

ழான் வில்ப்ரே 1794இல் பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்தார். பதினெட்டு வயதில் பாரீசுக்கு நடந்தே போய்த் தையல் வேலையில் சேர்ந்தார். 1816இல் ஓர் இளவரசிக்குக் கல்யாண உடை தைத்ததில் பெயர் பரவியது. பவர் என்ற ஆங்கில வியாபாரியை மணந்து சிசிலித் தீவில் குடியேறினார். அங்கே அவர் கண்ணில் பட்டது ஆர்கோநாட்டா. பேய்க்கணவாய் இனம், ஆனால் காகிதம்போல் மெல்லிய ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த ஓடு அதன் சொந்த வீடா, எவன் வீட்டிலோ புகுந்துகொண்டதா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டா யார் பேரில் என்று பார்க்க ஒருவரும் நேரில் போகவில்லை. ழான் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, குஞ்சிலிருந்து வளர்த்து, ஓட்டை உடைத்தும் பார்த்தார். தாய் தானே பூசி ஒட்டிக்கொண்டது. சொந்த வீடுதான். வழக்கு தள்ளுபடி. அவருடைய சேகரங்களில் பெரும்பகுதி பிற்பாடு கப்பலோடு மூழ்கிப்போனது. கடல் தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்குப் போலீஸ் தலையில் சிவப்புத் தொப்பியும், ஜூலை 14 கொண்டாட்டமும், சில வீடுகளுக்குப் பிரான்ஸ் பென்ஷனும் விட்டுப்போனார்கள். மீன்தொட்டியை மட்டும் விட்டுப்போகவில்லை. பாதகமில்லை.

பவளத்தை முதலில் வீட்டில் வளர்த்த பெருமை லண்டனுக்கு. அன்னா தின் என்ற சீமாட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துப் பெரிய பாதிரியார் ஒருவரின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையில் மட்ரப்போர் எனும் கல்பவளத்தைப் பார்த்து மயங்கினார். அதை ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சின் மேல் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். இந்த வரலாற்றில் தையல் தெரியாதவர்களுக்கு இடமில்லை போலிருக்கிறது. லண்டனில் கடல் இல்லை. கொண்டுவந்த தண்ணீரோ காற்றில்லாமல் கெட்டுப்போகும். தீர்வு கிடைத்தது: வேலைக்காரப் பெண். திறந்த ஜன்னலோரம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஆற்ற வேண்டும். தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம். பவளம் பிழைத்தது, குட்டியும் போட்டது. சீமாட்டியின் குறிப்புகள் 1859இல் அறிவியல் இதழில் அச்சேறின. உலகத்தின் முதல் கடல்தொட்டி மோட்டாரின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குள் பிரிட்டனில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டு, கண்ணாடி மலிந்தது. வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் கழிவு மற்றதன் சாப்பாடு என்று 1850இல் சொன்னார். 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தது. அடுத்த வருஷம் பிலிப் காஸ் என்ற பக்திமான் மீன்தொட்டி பற்றிப் புத்தகம் போட, சீமாட்டிகள் கூட்டம் கூட்டமாக வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். காஸ் லேசுப்பட்டவரல்ல. கடவுள் உலகத்தைப் படைக்கும்போதே பாறைக்குள் பழைய எலும்புகளைச் சொருகித்தான் படைத்தார் என்று 1857இல் இன்னொரு புத்தகமும் எழுதினார். விஞ்ஞானிகளும் சிரித்தார்கள், பாதிரிகளும் முகம் சுளித்தார்கள். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் கடுப்பேற்றுவது எல்லோராலும் ஆகிற காரியமா? அப்பாவின் புத்தகத்தால் இங்கிலாந்தின் கரையோரக் குட்டைகள் துடைத்துவிட்டாற்போல் ஆயின என்று மகன் எட்மண்ட் 1907இல் எழுதிவைத்தார்.

நம் பக்கம் இந்தப் பைத்தியம் சர்க்கார் உத்தியோகத்தில் வந்து இறங்கியது. எட்கர் தர்ஸ்டன், எழும்பூர் மியூசியத்தின் தலைவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, பவளம் பற்றி 1890இலேயே எழுதியவர். ஆனாலும் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது இன்னொரு காரணத்துக்காக: கையில் அளவுகோலோடு அலைந்து தென்னிந்தியர்களின் மூக்கை அளந்து, சாதிவாரியாகக் குறித்துக்கொண்டவர். ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது 1909இல். அவர் முயற்சியில் மெரினாவில் எழுந்த மீன்காட்சி சாலை திறந்ததும் அதே 1909இல், அக்டோபரில். ஒரு பக்கம் மனிதனை அட்டவணையில் அடைத்தார், இன்னொரு பக்கம் மீனைக் கண்ணாடியில் அடைத்தார். மீன்களாவது மூக்கைக் காட்டாமல் தப்பித்தன. 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டபோதும் தாக்குப்பிடித்த அந்தக் காட்சிசாலை, 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்ற வதந்திக்கு மூடப்பட்டது. அதே கிலியில் சென்னை மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டும் கொன்றார்கள். ஜப்பான் படை வந்திறங்கவில்லை. மீன்காட்சி சாலையும் பழையபடி திரும்பவில்லை.

இப்போது நடப்புக்கு வருவோம். அம்பகரத்தூரில் ஒருவருக்கு வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைக்கும் ஆசை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் பத்ரகாளியம்மன் அசுரனையே அடக்கியவள். இந்த ஆசையை மட்டும் ஏனோ விட்டுவைத்தாள்.

முதல் சிக்கல், பக்கத்தில் கடல் இருந்தும் அதில் பவளம் இல்லை. காவிரியின் கிளைகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கரை இது. அரசலாற்றில் வெள்ளம் வந்தால் காரைக்கால் கடல் டீக்கலராகிவிடும். பவளத்துக்கு வெயில் அடிவரை இறங்கும் தெளிந்த நீர் வேண்டும், சேறு ஆகாது. நெல்லுக்கு அமிர்தமான வண்டல் பவளத்துக்கு எமன். பவளம் பார்க்க ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போக வேண்டும். தண்ணீருக்கு வேதாரண்யம் உப்பைக் கரைத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. சத்தியாகிரகத்துக்குப் போதுமான உப்பு பவளத்துக்குப் போதாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். அதற்கென்று விற்கிற செயற்கைக் கடலுப்பை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கலக்க வேண்டும்.

கால்சியம் விஷயத்தில் ஒரு கூத்து இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பல காலம் பவளத்தை வெட்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்கு இதைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஐரோப்பிய மீன்தொட்டிக்காரர்களோ 1970களில், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டால் பவளம் வளரும் என்று கண்டார்கள். வெற்றிலைக்குத் தடவும் அதே சரக்கு. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது ஒரு கூட்டம், சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் எடுத்தது இன்னொரு கூட்டம். ஜகார்த்தாவின் லீ சின் எங் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருப்பார். உயிர் ஒட்டியிருக்கும் பாறையைத் தொட்டியில் போட்டுக் காற்றுக்குமிழி விட்டால் போதும், மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று 1961இலேயே எழுதியவர் அவர்.

இரண்டாவது சிக்கல் எடை. இரண்டு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் கிட்டத்தட்ட 960 லிட்டர். உப்புநீர் லிட்டருக்கு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். 15 மில்லிமீட்டர் கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்தால் 1,300 கிலோவை நெருங்கும். 60 கிலோ நெல் மூட்டை இருபத்திரண்டை, இரவும் பகலும், வருஷக்கணக்கில், கூடத்தில் ஒரு மர ஸ்டாண்டின் மேல் அடுக்கிவைப்பது. புத்தகங்களில் மீனுக்கு நானூறு பக்கம், ஸ்டாண்டுக்கு ஒரு பத்தி.

ஆசாரி வருகிறார். அளவைக் கேட்கிறார். மௌனமாக ஒரு பீடி முடிகிறது.

"எத்தனை மீனு தம்பி?"

"நாலு, ஆசாரியாரே."

"நாலு மீனுக்கு இருவத்திரண்டு மூட்டையா? கொழம்புக்கே பத்தாதே."

கேலி முடிந்ததும் அவர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். பாரம் கால்மேல் உட்கார வேண்டும், ஆணியில் தொங்கக் கூடாது. மேல்சட்டம் கால்களின் தலையில் ஏறி நிற்க வேண்டும். திருகாணி பிடித்துக்கொள்ள மட்டும்தான். நேர்க்கனத்துக்கு மரம் அசராது, பக்கவாட்டு ஆட்டத்துக்குத்தான் படுத்துவிடும். அதனால் முதுகுப்பக்கம் முழுப் பிளைவுட் பலகை ஒட்டித் திருக வேண்டும். உப்பு ஊறுகிற இடத்தில் இரும்பு ஆகாது, எவர்சில்வர் திருகாணி. மரத்தின் உள்பக்கமும் பூச்சு.

சண்டை வருவது நடுக்காலில். இரண்டு மீட்டர் நீளத்துக்கு நடுவில் கால் இல்லாமல் முடியாது என்பார் ஆசாரி. ஸ்டாண்டுக்குள்ளே கழிவைப் பிரிக்கும் இன்னொரு தொட்டி நுழைய வேண்டும், கால் கூடாது என்பார் வீட்டுக்காரர்.

"தொட்டிக்குக் கீழ தொட்டியா? அதுலயும் மீனா?"

"அதுல அழுக்கு, ஆசாரியாரே."

"அழுக்குக்கு ஒரு வீடு."

கடைசியில் சட்டத்தைத் தடிமனாக்கி, நடுக்காலை முன்னும் பின்னும் ஒதுக்கி, அழுக்குத்தொட்டியை ஒரு பக்கமாகத் தள்ளிச் சமரசம். பிறகு மட்டம். ரசமட்டத்தை அவர் முழுசாக நம்பமாட்டார். கொத்தனாரின் டியூபில் தண்ணீர் ஊற்றி நாலு மூலையும் பார்ப்பார். ஒரு மூலை சில மில்லிமீட்டர் இறங்கினாலே கண்ணாடி முறுக்கேறி ஒட்டு விட்டுவிடும். எதற்கும் அடியில் ஒரு தெர்மாகோல் பலகை.

எல்லாம் முடிந்து நிற்கும்போதுதான் மூன்றாவது சிக்கல் ஞாபகத்துக்கு வரும். கல்பவளம் முழுவதையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் அதே அட்டவணைதான். ராமேஸ்வரத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தொட்டியில் வைப்பதும், கூடத்தில் புலித்தோலை விரிப்பதும் சட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே விஷயம். ஆகவே சுட்ட மண்ணிலோ சிமெண்டிலோ செய்த பொய்ப்பாறை, பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன். அந்த மீன் எல்லாம் ஆணாகவே பிறக்கும்; கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி, மற்றவர்களை மேய்க்கும். வீட்டில் ஏற்கெனவே நடக்கிற ஆட்சிமுறைதான்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்கக் கூடாது. 2018 கஜா புயலுக்கு நாகை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டர் செத்த பிறகு, வீட்டில் யாராவது ஒருவர் செம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் அப்போது யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

கூலி வாங்கும்முன் ஆசாரி ஸ்டாண்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"மீனு நிலைச்சா சரி, தம்பி. நிலைக்கலேன்னா மேல ஒரு மெத்தையைப் போடுங்க. கட்டிலுக்குத் தனியா காசு கேக்கமாட்டேன்."