இரண்டும் உண்டு

அக்கா மகன் வங்கி அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறான். ரீசனிங்கில் ‘ஸ்டேட்மென்ட் அண்ட் அசம்ப்ஷன்’ என்று ஒரு வகைக் கேள்வி. மேலே ஒரு வாக்கியம், கீழே இரண்டு அனுமானங்கள். சொன்னவர் எதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு சொன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டில் ஒன்று, இரண்டும் இல்லை, இரண்டும் உண்டு என்று ஐந்து விடைகள்.

பயிற்சிப் புத்தகங்களில் காலங்காலமாக வரும் கேள்வி: ‘ஓடும் ரயிலில் தலையை வெளியே நீட்டாதீர்கள்.’ அனுமானம் ஒன்று, நீட்டினால் ஆபத்து. இரண்டு, பயணிகள் அறிவிப்பைப் படித்து அதன்படி நடப்பார்கள்.

படிக்கட்டில் தொங்கியபடி தாம்பரம் போகிற எவரும் இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் விடை, இரண்டும் உண்டு.

“மாமா, அது நிஜமா பொய்யாங்கறது நமக்கு வேண்டாம். போர்டு வச்சவர் நம்பினாரா, அதான் கேள்வி” என்றான்.

வாஸ்தவம்தான். நம்பாமல் யார் பெயின்டுக்குச் செலவழிப்பார்கள்? அப்படிப் பார்த்தால், ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று சுவரில் எழுதுகிறவரைப் போல மனிதகுலத்தின் மேல் நம்பிக்கை வைத்தவர் யாருமில்லை. வருகிறவருக்குப் படிக்கத் தெரியும், படித்து முடிக்கும்வரை பொறுப்பார், படித்தபின் அடக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்!

சந்தேகம் வந்தால் அனுமானத்தை மறுத்துப் பார்க்க வேண்டுமாம். மறுத்ததும் மேலே உள்ள வாக்கியம் பொத்தென்று விழுந்தால், அது உள்ளே இருந்திருக்கிறது. ‘எல்லோரும்’, ‘மட்டுமே’ என்று அடித்துப் பேசும் அனுமானங்களைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். சொன்னவருக்கு அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டதால், கேட்காமல் கேட்கும் கலை நம் கல்யாணப் பேச்சில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து நானும் ஒரு கேள்வி கொடுத்தேன்: “எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லீங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.” அனுமானம் ஒன்று, செய்வார்கள். இரண்டு, செய்ததை எண்ணிப் பார்க்க மண்டபத்தில் ஓர் அத்தை இருப்பார்.

முதலாவதை மறுத்துப் பார்த்தான். செய்ய மாட்டார்கள் என்றதும் வாக்கியத்தோடு சம்பந்தமும் சேர்ந்து விழுந்தது. இரண்டாவதை மறுத்துப் பார்க்கவே இல்லை. அத்தைகளை அவன் அறிவான்.

அடுக்களையிலிருந்து அக்கா குரல்: “முதல்ல வேலை கிடைக்கட்டும்டா. பொண்ணு வீட்டுக்காரங்க தானா தேடி வருவாங்க. நாம வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க வேண்டாம்.”

பென்சிலைக் கீழே வைத்தான். “மாமா, இதுக்கு அஞ்சு ஆப்ஷன் பத்தாது.”