தட்டோட தலையெழுத்து

வாய்யா பேராண்டி, உக்காரு. மூணு சாக்கையும் ஓரமா வையி. போகிக்கு வந்த புள்ள, அப்பத்தா சுட்ட அதிரசத்தைத் தின்னுட்டு வெயில்ல படுத்துக் கெடப்பேன்னு பாத்தா, பரண்ல ஏறி ஒங்க சித்தப்பன் கடைச் சாமானையெல்லாம் எறக்கிப்புட்டியே. என்னாது, எல்லாத்தையும் அழிக்கணுமா? அழிய்யா, அழி. பூம்பாறையில அழிக்கிற வேலைக்குன்னே காட்டுப்பன்னி ஒரு கூட்டம் இருக்கு. நீயும் சேந்துக்க. எண்ணிக்கை மட்டும் பாக்காத. ஒண்ணு கொறையும். அது என் பாடு.

ஒங்க சித்தப்பன் கடை போட்டப்ப சி.டி.ன்னா அம்புட்டு மவுசு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, எழவு வீட்டைத் தவிர எல்லாத்தையும் படம் புடிச்சுத் தட்டுல ஏத்திக் குடுத்தான். குடுத்தது போக ஒரு காப்பி கடையில. பெறகு ஸ்கேன் மெசினு வாங்குனான். பட்டா, ரேசன் கார்டு, பேங்குப் புஸ்தகம், கடைசியா ஆதாரு. கெரகம், ஊரே இந்தச் சாக்குக்குள்ளதான் கெடக்கு. சினிமாத் தட்டு? சேச்சே, அந்த வேலையெல்லாம் அவன் பண்ணவே இல்ல. 2004-ல திருட்டு வி.சி.டி.காரனையும் குண்டர் சட்டத்துல சேத்தாங்க பாரு, அன்னைக்கு ராத்திரி கடையில ஒரு அலமாரி தானாக் காலியாச்சு. எப்பிடின்னு எனக்குத் தெரியாது. நம்ம கோயில் வேலப்பருக்குத்தான் தெரியும்.

சரி, ஒன் யோசனையைச் சொல்லு. போகித் தீயில போட்டுக் கொளுத்துறது. அடேயப்பா, படிச்ச புள்ளன்னா இதான். கிழிஞ்ச பாயி, ஓட்டைக் கூடை போடுற எடத்துல பாலிகார்பனேட்டைப் போடப் போறே. தட்டு பூராவும் அந்தப் பிளாஸ்டிக்குதான், ஒன் மூக்குக்கண்ணாடி வில்லைக்கும் அது ஒறமொறை. வெறகு மாதிரி வெந்து சாம்பலாகும்னு நெனச்சியா? உருகும், சொட்டும், கரும்பொகை கக்கும். அந்தப் பொகையில கார்பன் மோனாக்சைடு இருக்கும், பீனால் இருக்கும். அதுவும் தை பொறக்கிற நேரத்துப் பனியில இந்தப் பள்ளத்துல பொகை மேல ஏறுமா? வீடு வீடாப் போயி, பொங்கலுக்கு வந்த விருந்தாளி மாதிரி உக்காந்துக்கும். மறுநா காலையில பாத்தா தரையில ஒரு கறுப்புக் கட்டி ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அதுக்குன்னு ஒரு போகி நீ தனியாக் கொண்டாடணும்.

மைக்ரோவேவ் அடுப்பா? நல்ல யோசனை. ஒங்க அத்தை வீட்டுல புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருக்கா, கொண்டுபோயி வையி. ரெண்டு மூணு செகண்டுல உள்ள மின்னல் வெட்டும். தட்டுல பளபளன்னு தெரியுதே, அது உலோகப் பூச்சு. தலைமுடி கனத்தை ஆயிரமாக் கூறு போட்டா ஒரு கூறு, ஏறக்குறைய அம்புட்டுத்தான். அது பொறி பறந்து, சிலந்தி வலை மாதிரி வெடிச்சுப் போயிரும். தட்டு அழியுறது என்னமோ நெசந்தான். கூடவே அடுப்பும் அழியும், அத்தை ஒறவும் அழியும். ஒரே செலவுல மூணு.

வெந்நீர்ல போட்டு மெத்துன்னு ஆக்கி மடக்கிறலாம்னு எவனோ போன்ல சொன்னானா? அவன் சமவெளிக்காரன். அந்தப் பிளாஸ்டிக்கு எளகுறதுக்கு 150 டிகிரி கிட்ட வேணும். சமவெளியிலயே தண்ணி 100-ல கொதிச்சுரும். இங்க ஆறாயிரம் அடிக்கு மேல 93, 94-லயே தளதளன்னு ஆடும். குக்கர் இல்லாமப் பருப்பே வேக மாட்டேங்குது, தட்டு வேகுமாக்கும்! ஒங்க அப்பத்தா காதுல இது விழாம பாத்துக்க. அம்பது வருசமா என் வீட்டு வெறகைத்தான் கொறை சொல்லிக்கிட்டு இருக்கா.

இப்ப இதைப் பாரு. ஆணி எடுத்து இந்தப் பளபளப்பான வயித்துப் பக்கம் கோடு கோடாக் கீறி வச்சிருக்கே. ரெண்டு மணி நேர வேலை இருக்கும் போல. சபாசு. ஒண்ணுமே அழியலை.

சித்தப்பன் கடைக் கல்லாவுல குந்திக்கிட்டு நான் கத்துக்கிட்ட வித்தை இது ஒண்ணுதான், கேட்டுக்க. தட்டுக்கும் எழுத்து தலையிலதான். பேனாவால பேரு எழுதுற மேல்பக்கம் இருக்குல்ல, அதுக்கு அடியில ஒரு மெல்லிசு வார்னீசு, அதுக்கும் அடியிலதான் உலோகப் பூச்சும் எழுத்தும். வயித்துப் பக்கத்துல இருந்து பாத்தா ஒரு மில்லிமீட்டருக்கு மேல வெறும் பிளாஸ்டிக்கு, சன்னல் கண்ணாடி மாதிரி. நீ கீறுனது சன்னலை. வீட்டுக்குள்ள எல்லாரும் சுகமா இருக்காங்க. இந்த மாதிரிக் கீறலைத்தான் ஒங்க சித்தப்பன் பல்லு வெளக்குற பேஸ்ட்டைத் தடவித் தேச்சு, திரும்ப ஓட வச்சு, பத்து ரூவா வாங்குவான்.

இன்னொரு கூத்து. ரீடு, சாலமன்னு ரெண்டு கணக்குப் புலிங்க 1960-ல ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. அந்தக் கணக்குப்படிதான் தட்டுல எழுதுறது. பஜனை மடத்துல ஒருத்தன் அடியை முழுங்கினா பக்கத்துல இருக்கிறவன் எடுத்துக் குடுப்பான்ல, அது மாதிரி. தட்டுல சுத்திச் சுத்தி ஓடுற எழுத்துக் கோட்டுல ரெண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்தே இல்லாட்டியும் மெசினு மிச்சத்தை வச்சுக் கணக்குப் பண்ணிப் பாடிரும். ஒரு சி.டி.யில இருக்கிற கோட்டை நூலாப் பிரிச்சா அஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஓடும். இங்கேருந்து கொடைக்கானல் போற வழியில கால்வாசி. அம்புட்டுத் தூரத்துல நீ அங்கொண்ணும் இங்கொண்ணுமா நாலு குழி வெட்டிட்டு, ரோட்டையே அழிச்சுப்புட்டேன்னு சொல்றே.

பூண்டுக் காட்டுல கயிறு கட்டித் தொங்கவிடலாம்னு ஒங்க அப்பன் சொல்லுவான். சொல்லட்டும், அவனும் யோசிக்கணும்ல. மொத ஒரு வாரம் வெயில்ல மின்னும், குருவி பயப்படும். மறுவாரம் குரங்கு வந்து அதுல மொகம் பாத்துத் தலை சீவும். காட்டுமாடு, கேக்கவே வேணாம். கொடைக்கானல் ஏரியைச் சுத்தி டூரிஸ்டுக்காரன் செல்பி எடுக்கையில அசையாம நிக்குதே, அது ஒன் தட்டுக்கா அசையும்? இதுக்கு நடுவுல ஒண்ணை மறந்துட்ட. தொங்குறது மேலத்தெருக்காரன் ஆதாரு. பூண்டுக்குக் கொடைக்கானல் பேருல 2019-ல புவிசார் குறியீடு வாங்குன காடு, இப்ப ஆதாரைக் காவலுக்குக் கட்டுன காடுன்னும் பேரு வாங்கிரும். ஒடைக்காத வரைக்கும் ஓடுற தட்டுய்யா அது.

கடைசியா ஒண்ணு வச்சிருப்பியே, எனக்குத் தெரியும். யாரும் பாக்காதப்ப ஓடையில தள்ளிவிடுறது. இல்லாட்டி காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டுக் கையைத் தட்டிக்கிறது. கண்ணுக்கு மறைஞ்சா காலியாயிருச்சு, அதானே? இதுல நம்ம மலைக்குப் பெரிய படிப்பு இருக்கு. அப்ப ஒனக்கு வெவரம் தெரியாத வயசு.

கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. அமெரிக்காவுல, நியூயார்க்கு மாநிலத்து வாட்டர்டவுன்ல ஓடிக்கிட்டு இருந்ததை 80-கள்ல பாண்ட்ஸ்காரங்க பேத்துக்கிட்டு வந்து இங்க நட்டாங்க. பெறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. காச்சல் பாக்குற குச்சியில பாதரசம் இருக்கும்ல. அதுல ஒடஞ்சது, கோணினது எல்லாம் கண்ணாடிக் கழிவுன்னு பேரு வச்சுக்கிட்டு வெளிய போச்சு. 2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் காயலான் கடையில பாத்தா, சாக்குச் சாக்கா அதே கண்ணாடி. சாக்கு கிழிஞ்சு, பாதரசத்தோட, சனம் நடமாடுற எடத்துல. எடை போட்டா ஏழு டன்னுக்கு மேல. ஊர்க்காரங்களும் கிரீன்பீஸ்காரங்களும் தெருவுக்கு வந்தாங்க. கம்பெனிக்குப் பூட்டு விழுந்துச்சு. 2003-ல, பாதரசம் கலந்த கழிவு 290 டன்னை அள்ளிக் கப்பல் ஏத்தி, அமெரிக்காவுல பென்சில்வேனியாவுக்கே அனுப்புனாங்க. எங்கேருந்து மெசினு வந்துச்சோ அந்தத் தேசத்துக்கே குப்பை போச்சு பாரு, அதை மட்டும் நெனச்சா எனக்கு இன்னைக்கும் சிரிப்பு வரும். அங்க வேலை பாத்த சனத்துக்குச் சிரிப்பு வரலை. 591 பேரு வருசக் கணக்கா அலைஞ்சு, 2016-லதான் கம்பெனியோட ஒரு ஒடன்படிக்கைக்கு வந்தாங்க. கம்பெனிக்குப் பின்னால பாம்பார் சோலை மண்ணுல ஊறுனதைப் பத்தி அதுக்கப்பறமும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ஒன் தட்டுல பாதரசம் இல்லைய்யா. அதை நான் சொல்லலை. ஆனா எடைக்குப் போட்டா மலையை விட்டுப் போயிருச்சுன்னு நெனச்சியே, அந்த நெனப்பு மூஞ்சிக்கல்லுல வெந்து போன நெனப்பு. ஓடையில போட்டது எங்க போகும்? கீழ எவனோ தண்ணி எடுக்கிற எடத்துக்குத்தான்.

சிரிக்கிறதுக்கு இன்னொண்ணு. அழிக்கணும்னு நெனக்கிறதுதான் அழியாது. வச்சுக்கணும்னு நெனச்சதெல்லாம் தானாப் போயிரும். ஒங்க அப்பன் ஆத்தா கல்யாணத் தட்டு பரண்ல இருந்தபடியே பூசணம் புடிச்சு, நலுங்கு வைக்கையில நிக்குது. மேல நகர மாட்டேங்குது. தட்டைத் திங்கிற பூசணமே இருக்காம். மத்திய அமெரிக்காவுல பெலீசுன்னு ஒரு நாடு, அங்க சூட்டுலயும் ஈரத்துலயும் கெடந்த ஒரு தட்டை அது தின்னுருந்ததை 2001-ல ஸ்பெயின்காரங்க கண்டுபுடிச்சாங்க. ஆனா இந்தா, கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடத்துல போயிப் பாரு. 1904-ல இருந்து சூரியனைப் படம் புடிச்ச கண்ணாடித் தட்டைப் பத்திரமா வச்சு, இப்பக் கம்ப்யூட்டர்லயும் ஏத்திப்புட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துச் சூரியன் அப்படியே இருக்கான். ஒங்க ஆத்தா நலுங்குலயே நிக்கிறா.

சரி, அழுகாத. வழி சொல்றேன். மொதல்ல சி.டி.யையும் டி.வி.டி.யையும் பிரி. எப்பிடின்னா, ஓரத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நடுவுல ஒரு கோடு சுத்தி ஓடுனா டி.வி.டி. ரெண்டு மெல்லிசுத் தட்டை ஒட்ட வச்சது, சேண்ட்விச்சு மாதிரி. எழுத்து நடுவுல இருக்கும். கோடு இல்லாட்டி சி.டி., எழுத்து தலையில.

சி.டி. சுலுவு. தலைப்பக்கம் கத்தியால குறுக்கும் நெடுக்குமா ஆழமாக் கீறு. செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சர்ருன்னு இழு. வெள்ளித் தோலு அப்பிடியே கையோட வரும். வராத எடத்துல உப்புத்தாள் போட்டுத் தேயி. பூராவும் உரிச்சுட்டுத் தூக்கிப் பாத்தா, அந்தப் பக்கம் நிக்கிற என் மொகம் தெரியணும். அதுதான் கணக்கு.

டி.வி.டி.க்கு இந்தப் பாச்சா பலிக்காது. தலையைத் தேச்சாலும் வயித்தைத் தேச்சாலும் எழுத்துக்கு எட்டாது. ஒண்ணு, ஓரக் கோட்டுல கத்தியைச் செருகி ரெண்டாப் பொளக்கணும். இல்ல, தகரம் வெட்டுற கத்திரியால சின்னச் சின்னத் துண்டா நறுக்கணும். பெரிய துண்டா நாலு பண்ணிட்டு நிறுத்திறாத. அது பங்காளி பாகம் பிரிச்ச மாதிரி, நெலம் அப்பிடியேதான் இருக்கும். கையால மடக்கி ஒடைக்கிற வீரம் வேணாம். சில்லு கண்ணுக்குத்தான் குறி பாத்து வரும். ஈரச் சாக்குக்குள்ள கையை விட்டு நறுக்கு, கண்ணாடி போட்டுக்க. அம்மியில வச்சு நைக்கிறேன்னு கெளம்பிறாத. அந்த அம்மியில பொங்கலுக்குச் சட்னி அரைக்கணும், கடிச்சா ஒன் பல்லுதான் போகும்.

அறுபது தட்டு ஒரு கிலோன்னு வையி. இந்த மூணு சாக்குல ஆயிரத்துக்கு மேல இருக்கும், பதினாறு பதினேழு கிலோ. நறுக்குனதைத் தண்ணி பாட்டிலோட கலக்காதே, அது வேற பிளாஸ்டிக்கு. தனிச் சாக்கு கட்டி, ஒன் காருலயே வச்சுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போ. பிளாஸ்டிக்கை ரகம் பாத்துத் தனித்தனியா எடுக்கிறவன் அங்கதான் இருப்பான். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர்க்காரன் மலையேற இ-பாஸ் கேக்குறாங்க. எறங்குறதுக்கு எவனும் கேக்கலையே. குப்பை எறங்கட்டும்.

என்ன, மடியையே பாக்குறே? ஆமா, அந்த ஒண்ணு இங்கதான் இருக்கு. மெதுவாப் பேசு, அப்பத்தா உள்ளதான் இருக்கா. மேலத்தெருக் கல்யாணம், 2008. மொய் செய்ய ஒங்க அப்பத்தா முந்தானையில இருந்து ஐநூத்தியொண்ணு எண்ணிக் குடுத்தா. நான் நூத்தியொண்ணு எழுதுனேன். மிச்சம் நானூறு கீழ வத்தலக்குண்டுல என்ன ஆச்சுங்கிறது ஒனக்கு வேணாம். அந்த மைக்கு செட்டுக்காரப் பய, பேரையும் ரூவாயையும் ஊருக்கே கேக்குற மாதிரி படிச்சான். ஒங்க சித்தப்பன் அதைப் படம் புடிச்சு, என் மொகத்தைக் கிட்டத்துல வேற காட்டியிருக்கான். ஒங்க அப்பன் புதுவீட்டுக்கு அந்த வீட்டுக்காரங்க வந்து திருப்பி நூத்தியொண்ணு வச்சாங்க. "ஐநூத்தியொண்ணு வாங்கிட்டு நூத்தியொண்ணா?"ன்னு கெழவி ஆடுன ஆட்டத்துல ரெண்டு வீட்டுக்கும் இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

இந்தா, வெளிச்சத்துல புடி. ஓரத்துல கோடு ஓடுதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுய்யா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை.