முழங்கை மேலே, மானம் கீழே

எனக்கு நீச்சல் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, தாத்தா மேலே நின்று நிதானமாக வெற்றிலை போட, உயிர்ப்பயத்தில் கற்ற வித்தை. என்ன, கிணற்றில் நாலு கை போட்டால் படிக்கல் வந்துவிடும். பட்டணத்து நீச்சல் குளத்திலோ படிக்கல்லை 25 மீட்டருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!

பாதி தூரத்திலேயே எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, பூப்பறிப்பது போலக் கையைப் போட்டுக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிடுவார். பொறுக்க முடியாமல், ஃப்ரீஸ்டைலைத் திருத்திக்கொள்ள ஒரு கோச்சிடம் சரணடைந்தேன். என் பையன் வயசுகூட இருக்காது அவனுக்கு.

"சார், தண்ணி காத்தைவிட 800 மடங்கு அடர்த்தி. அதை அடிக்காதீங்க, பிடிங்க. தலையைத் தூக்கினா கால் தாழ்ந்துடும். தரையைப் பாருங்க" என்றான்.

விடுவேனா? 1922-இல் 100 மீட்டரை முதன்முதலாக ஒரு நிமிஷத்துக்குள் நீந்தினாரே ஜானி வைஸ்முல்லர், பிற்பாடு டார்ஜானாகக்கூட நடித்தாரே, அவரே தலையைத் தூக்கித்தான் நீந்தினார் என்று எடுத்துவிட்டேன். பையன் என் தொப்பையை ஒரு தடவை பார்த்தான். விவாதம் முடிந்தது.

தண்ணீருக்குள் முழங்கை உயரத்தில் நிற்க வேண்டும், விரல் நுனி தரையைப் பார்க்க வேண்டும், முன்கை மொத்தமும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள வேண்டும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கக் கூடாது. மூச்சை உள்ளேயே விட்டுத் தீர்த்துவிட்டு, இழுக்க மட்டும் முகத்தைத் திருப்ப வேண்டும். அப்போதும் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். முழங்கையை நினைத்தால் கால் மறந்துபோகிறது. காலை நினைத்தால் மூச்சு மறந்துபோகிறது. மூச்சு மட்டும் உடனே ஞாபகம் வந்துவிடும், கூடவே அரைச் செம்பு குளோரின் தண்ணீரும்.

வீட்டில் பழகினால் படிந்துவிடும் என்று சாப்பாட்டு மேஜை பெஞ்சில் குப்புறப் படுத்து, உருண்டு உருண்டு கை போட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரித் துணி கொடுக்க வந்தவர் பதறிவிட்டார்.

"அம்மா! சாருக்கு இழுத்துக்கிச்சு, சாவிக்கொத்து எடுத்தாங்க!"

சகதர்மிணி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அது நீச்சல்ப்பா. துணியை வெச்சிட்டுப் போ. 1994-லயே குற்றாலீஸ்வரன் 12 வயசுல பாக் நீரிணையைத் தாண்டினான். இவர் அந்த பெஞ்சைத் தாண்டட்டும், பார்ப்போம்."

முன்னேற்றமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நீளத்துக்குப் போடும் கைகளின் எண்ணிக்கை குறையக் குறைய ஸ்ட்ரோக் மெருகேறுகிறது என்று அர்த்தம், கோச்சே சொன்னது. எனக்கு ஏகத்துக்குக் குறைந்துவிட்டது. குளம் நாலடி ஆழம்தானே, முக்கால்வாசி தூரம் நடந்தே போய்விடுகிறேன்.