கேள்விக்காரப் பேராண்டிக்கு

ஏலே, இப்பிடி வந்து திண்ணையில ஒக்காரு. அந்தப் போனைக் கவுத்து வை. வந்த நாள்லயிருந்து மொகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுத. கேட்டா "ஒண்ணுமில்ல தாத்தா"ங்க. ஒண்ணுமில்லாதவன் எதுக்குலே பொண்டாட்டியைச் சென்னையில விட்டுட்டுத் தனியா வந்து, வேப்பமரத்தை மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கான்?

நேத்து ராத்திரி ஆச்சிகிட்ட நீ ஒளறினது விடியறதுக்குள்ள எங்கிட்ட வந்துட்டு. இந்த வீட்டுல ரகசியம் நெலைக்கணும்னா ஆட்டுக்குட்டிகிட்டதான் சொல்லணும். 36 கேள்வி கேட்டா புருசன் பொண்டாட்டி மனசு ஒட்டிக்கிடும்னு போன்ல படிச்சியாம். ஞாயித்துக்கெழமை காலையில அந்தப் புள்ளையை எதுக்க ஒக்கார வச்சு ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சியாம். பதினொண்ணாவது கேள்வியில "எங்க ஆபீஸ் எச்ஆர்கூட இவ்வளவு கேக்கல"ன்னு அவ எந்திச்சுப் போயிட்டாளாம். நான் சிரிக்கல. சரி, சிரிச்சேன்.

கேள்வி மேல தப்பு இல்லடே. மேலத்தெரு காலேசு வாத்தியாரைப் புடிச்சு வெவரம் கேட்டுட்டேன். 1997ல அமெரிக்காவுல ஆர்தர் ஆரோன்னு ஒரு மனோதத்துவ வாத்தியாரும், அவரு சம்சாரமும், இன்னும் மூணு பேருமாச் சேந்து எழுதின ஆராய்ச்சியாம். முன்னப்பின்ன தெரியாத ரெண்டு ரெண்டு பேரா ஒக்கார வச்சு, முக்கா மணி நேரம் பேச விட்டிருக்காக. மூணு கட்டு, கட்டுக்குப் பன்னெண்டு கேள்வி. மொதக் கட்டுல, போன் போடுறதுக்கு முந்தி பேச்சை ஒத்திகை பாப்பியாங்கற மாதிரி சும்மா கேள்வி. கடைசிக் கட்டுல, அடுத்த ஆளு முன்னால எப்பம் அழுதங்கற கேள்வி. நம்ம கேணி வெட்டுதது மாதிரிதான்: மேல கரிசல், கீழ சுக்கான், அதுக்கும் கீழதான் ஊத்து.

ஆனா ஒண்ணைக் கோட்டை விட்டுட்ட. ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு பேருமே பதில் சொல்லணுமாம்லா! நீ அவ பதிலை வாங்கி வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்ட, ஒன் மடியை அவுக்கவே இல்ல. தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு எவடே மனசைத் தெறப்பா?

வெவரம் தெரிஞ்ச பெறகு எனக்குச் சும்மா இருக்க முடியுமா? காலையில காப்பி குடிச்ச கையோட ஆச்சிகிட்ட போயி, "ஏளா, கடைசியா எப்பம் அழுத?"ன்னேன். "ஏன், எதைத் தொலைச்சிட்டு வந்து நிக்கீரு?"ன்னா. "அட சொல்லு"ன்னேன். போன வாரம் வெங்காயம் உரிக்கையிலன்னா. "மெய்யா அழுதது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பெறகு சொன்னா, "செவலை போன அன்னைக்கு."

அது 1983, பஞ்ச காலம். மானாவாரிப் பருத்தி முழுக்கக் கருகி, சங்கத்துக் கடன் கழுத்தை நெரிச்ச நேரம். செவலைப் பசுவை வியாபாரி ஓட்டிட்டுப் போனான். அவ அப்பன் வீட்டுல இருந்து கன்னுக்குட்டியா வந்தது அது. அன்னைக்கு ராத்திரி இவ ஒரு வார்த்தை பேசாம கம்மங்கஞ்சி ஊத்துனா. மாடு போனது இவளுக்கு ஒறைக்கவே இல்லையேன்னு எனக்குக் கோவம். உப்புப் போடத் தெரியாதான்னு கும்பாவைத் தள்ளிவிட்டேன். இந்த மனுசன் நெஞ்சுல ஈரமே கெடையாதுன்னு அவளுக்கு முடிவாயிட்டு. பெறகு நான் படப்புக்குப் பின்னால போயி அழுதேன். அவ தொழுவத்துக்குள்ள அந்த வெறுங்கயித்தைப் புடிச்சிக்கிட்டு அழுதாளாம். நடுவுல ஒரே ஒரு மண்சுவரு.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?"ன்னா. "நீ சொல்லியிருக்கப்படாதா?"ன்னேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல. ஆனா ரெண்டாம் காப்பி வந்துச்சு பாரு! எனக்குச் சக்கரை இருக்குன்னு எட்டு வருசமா ரெண்டாம் காப்பியை நிறுத்தி வச்சிருந்தவ.

இப்பம் ஒன் கதைக்கு வாறேன். முந்தாநாள் கெணத்துமேட்டுல வச்சு எங்கிட்ட என்ன சொன்ன? கம்பெனியில ஆளைக் கொறைக்கான், அடுத்தது நானாக்கூட இருக்கும், வீட்டுக் கடன் தவணை நெஞ்சை அடைக்கு, ராத்திரி மூணு மணிக்கு முழிப்புத் தட்டுதுன்ன. சொல்லையில கை நடுங்குச்சு, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதை எதுக்குலே எங்கிட்ட சொன்ன? தவணையை நானா கட்டப் போறேன்? மூணு மணிக்கு ஒன் பக்கத்துல நானா படுத்திருக்கேன்?

அவ பயந்துருவான்னு இழுக்காத. புருசன் கூரையைப் பாத்து முழிச்சுக் கெடந்தா எந்தப் பொண்டாட்டியும் ஒரு கணக்குப் போடுவா. ஒன் மூஞ்சிக்கு இன்னொருத்தி வாய்க்க மாட்டான்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியணுமே?

அதுக்காக, உண்மையைப் பேசுதேன்னு ஒன் அம்மை வைக்கிற கொழம்புக்கும் அவ வைக்கிற கொழம்புக்கும் நியாயம் பேச ஆரம்பிச்சிராத. அதுக்குப் பேரு வம்பு. ஒன் பயத்தை மட்டும் சொல்லு. வாட்ஸாப்புல தட்டாத, வாயால சொல்லு. அவ தன் பாட்டைச் சொல்லையில யோசனை சொல்லாம கேளு. நான் யோசனை சொல்லலாம். எனக்கு வயசாயிட்டு, வேற சோலியும் இல்ல.

எந்திரி, நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாவுது. கோவில்பட்டியில ஏறப் போறோமேன்னு கடலைமிட்டாய் வாங்கிறாத. 2020ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், அதைக் குத்தம் சொல்ல நான் யாரு? ஆனா வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் பொட்டலத்தை நீட்டுவ. அவ ஒண்ணைக் கடிப்பா, நீ ஒண்ணைக் கடிப்ப. பல்லுல பாகு ஒட்டியிருக்கையில எவன்டே மனசைப் பேசுவான்? ரெண்டு நாள் கழிச்சு நானே வாங்கி அனுப்புதேன்.

துட்டை மட்டும் இப்பமே குடுத்துட்டுப் போ.